இடம் மாற்றப்பட்டவர்கள்

விடியற்காலை நான்கு முப்பத்தெட்டு.
கெர்த்தாக் சங்குலிலிருந்து ஜைத்தோன்,
மீன்பெட்டி மேல் ஏறி நின்று பேசுகிறாள்:
ஆங்கின் மாத்தி.
காற்று செத்துவிட்டது.
கடல்மேல் ஒரு கறுப்புக் கோடு,
தடித்துக்கொண்டே வருகிறது.

அவளுக்குக் கடல் தெரியும்.
ரைஃபிள் ரேஞ்ச் பதினேழாம் மாடியில்
எனக்குப் பினாங்கு மலையின் முதுகுதான்.
அதற்குப் பின்னால் என்ன வருகிறதென்று
அவள் சொன்னால்தான் உண்டு.

தமிழில் மேற்குக் காற்றுக்குக் கோடை என்று பேர்.
இங்கே அதே திசையிலிருந்து
இரவெல்லாம் நீரிணையைக் குடித்துவிட்டு வருவது
சுமத்ரா.
படிவத்தில் இரண்டு பெயருக்கும் இடமில்லை.
'மே' என்று ஓர் எழுத்துப் போதும்.

பயிற்சியில் சொன்னார்கள்:
பயந்ததை எழுதாதே, பார்த்ததை எழுது.
மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணு.
எண்ணினேன்.
முப்பத்தொன்பது.

கீழே, கார் நிறுத்துமிடத்தில்,
நீலக்கோடு போட்ட வாடகைக் கூடாரம்.
எட்டு இரும்புக் கால்.
உள்ளே, பெட்டியில், ஐந்தாம் மாடி குலவீரன்.
நேற்று மாலை போனவர்.
பிளாஸ்டிக் நாற்காலிகளில்
தூங்காத கொஞ்சம் பேர்.

போன மாதமும் நான்தான் சொன்னேன்.
ஆயர் ஈத்தாம் காலைச் சந்தையில்
மீன்காரர்கள் ஐஸைத் திரும்ப லாரியில் ஏற்றினார்கள்.
கோமளா தோசைக்கல்லை அணைத்தாள்.
புயல் கெடா பக்கம் திரும்பிக்கொண்டது.
அன்று அடித்த வெயில் இருக்கிறதே!
"வானிலை அம்மா, இன்னைக்குக் குடை வேணுமா?"
லிஃப்டில் கேட்டவர் குலவீரன்தான்.
கேட்டபோது
அவர் கையில் குடை இருந்தது.

முப்பத்திரண்டு.
அறிக்கை அனுப்பிவிட்டேன். அது சுலபம்.
லிஃப்ட் வரவில்லை.
படியில் இறங்கிக்கொண்டே சொல்லிப் பார்த்தேன்.
பதினொன்றாம் மாடியில்: வரலாம்.
ஏழில்: வரக்கூடும்.
மூன்றில்: வரும்.

துக்க வீட்டில் பேச்சை எதில் தொடங்குவது?
செருப்பைக் கழற்றினேன்.
கழற்றியிருக்க வேண்டாம், வெறும் தார்த் தரை.
இந்திராவதி நிமிர்ந்து பார்த்தாள்.
நிச்சயமா என்று கேட்கவில்லை.
"எத்தனை நிமிஷம்?"
பதினைந்து.
குறைந்தாலும் குறையும்.

மண்டபச் சாவி ஊய் வீட்டில்.
அரைக்கால் சட்டையோடு ஓடி வந்தார்.
பிங்பாங் மேசையைச் சுவரோடு தள்ளினோம்.
ஆறு பேர் பெட்டியைத் தூக்கும்போது
கால் முன்னாலயா, தலை முன்னாலயா
என்று யாரோ இழுத்தார்கள்.
"அவரு இன்னும் கிளம்பலை,
இடம்தான் மாத்துறோம்," என்றாள் இந்திராவதி.

விளக்கை ஒரு சிறுமி
உள்ளங்கையால் மறைத்து எடுத்து வந்தாள்.
மறைக்கக் காற்றே இல்லை.
சுடர் ஆணி அடித்ததுபோல் நின்றது.
அதைப் பார்த்துத்தான் எனக்கு முதுகு சில்லிட்டது.

ஐந்து மணி ஏழு நிமிடம்.
முதலில் மலை காணாமல் போனது.
பிறகு எதிர் பிளாக்.
கூடாரத்தில் இரண்டு காலைத்தான் கழற்ற முடிந்திருந்தது.
மீதி ஆறோடு அது எழுந்து,
பன்னீரின் வேனைத் தாண்டி,
வேலியில் போய்ப் படுத்தது.
மண்டபத்துத் தகரக் கூரைக்கு அடியில்
யார் அழுதாலும் கேட்கவில்லை.
சிலர் அப்போதுதான் நன்றாக அழுதார்கள்.

மழை: நாற்பத்தொரு மில்லிமீட்டர்
(அறுத்த போத்தல், பள்ளிக்கூட ஸ்கேல்).
காற்று: அளக்கக் கருவி இல்லை.
இரும்புக் கால் வளைந்தது.
சேதம்: கூடாரம் ஒன்று, நாற்காலி பதினொன்று.
இடம் மாற்றப்பட்டவர்கள்: பதினான்கு.

அனுப்பிய பிறகுதான்
விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.
நடந்து வந்தவர்கள் பதின்மூன்று.

திருத்தம் அனுப்பலாம் என்று திறந்தபோது
ஜைத்தோன் அழைத்தாள்.
அவள் படகுகள் எல்லாம் மேலே ஏறிவிட்டனவாம்,
ஒரு வலை மட்டும் போயிற்றாம்.
உங்கள் பக்கம்?
எல்லாரும் பத்திரமா?

எல்லாரும், என்றேன்.